கொழுந்துக் கணக்கு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். எங்கள் லயத்து வீட்டில் கதவுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்க அப்பாயி விடமாட்டார். தீபாவளிக்கு முந்திய வாரம் லயமே வெள்ளையாகும். அந்த ஒரு முழ அகலம் மட்டும் புகை படிந்து அப்படியே இருக்கும். அதில் அடுப்புக்கரியால் வரிசை வரிசையாகக் கோடுகள். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அது எழுத்துத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நெட்டுக்கோடு ஒன்று போட்டால் ஒரு பேர். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களிடம் ஒரு முழுநாள் வேலைக்குப் பெயரே 'பேர்' தான். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். அதற்குப் பாதிக் கோடு. கூடுதலாக எடுத்த கிலோவுக்குக் கோட்டின் தலைமாட்டில் புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தால் படுக்கைக்கோடு. மாதம் முடிந்ததும் கீழே நீளமாக ஒரு கிழிப்பு. காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. மூன்றையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே மலையிறங்கி வருவார். வந்ததும் இடுப்புப் படங்கை அவிழ்க்கும் முன்னே கரித்துண்டைத் தேடுவார். அடுப்பு மூட்டுவதுகூட அதற்கப்புறம்தான்.

நான் இப்போது இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணினியின் வரலாறு ஆரம்பத்திலேயே வந்துவிடும். மணிச்சட்டம், பஸ்கால், பாபேஜ், அப்புறம் வால்வு, திரான்சிஸ்டர், சிப் என்று போகும் ஐந்து தலைமுறைகள், எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சை எழுதுவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வருகிறது. புத்தகம் சொல்வது இயந்திரங்களின் கதை. எனக்குத் தெரிந்தது கணக்கின் கதை: யார் எண்ணுகிறார்கள், யாரை எண்ணுகிறார்கள், எண்ணப்பட்ட ஆள் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்க முடிகிறதா. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. அதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் படித்த காலத்தில் இலங்கைப் புத்தகங்களில் 'கணனி' என்று இருந்தது. பிறகுதான் கணினி ஆனது. எப்படி எழுதினாலும் கணிப்பது, கணக்கு என்ற அதே குடும்பத்துச் சொல். மலையில் எங்கள் வேலையைக் குறிக்கும் கணக்கப்பிள்ளையும் அந்தக் குடும்பம்தான். இங்கிலீஷிலும் கொம்பியூட்டர் என்றால் முதலில் மெஷின் இல்லை, கணக்குப் போடும் ஆள். சம்பளத்துக்கு உட்கார்ந்து வானியல் அட்டவணைகளையும் பீரங்கி அட்டவணைகளையும் கணித்தவர்களின் உத்தியோகப் பெயர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குண்டு பறக்கும் பாதையைக் கையால் கணித்த பெண்களை அப்படித்தான் அழைத்தார்கள். அவர்களில் ஆறு பேர்தான் எனியாக் என்ற எலெக்ட்ரோனிக் கணினிக்குச் செய்ய வேண்டிய படிகளை, அதாவது நிரலை, அமைத்தவர்கள். மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கண்ணாடிக் குழாய்களான வால்வு சுமார் 18,000, 30 தொன் எடை, ஒரு மண்டபம் நிறைய இரும்பு. 1946 பெப்ரவரியில் அதை உலகத்துக்குக் காட்டிய நாளில் அந்த ஆறு பேரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. கணக்குப் போட்ட ஆட்களின் பெயர் மெஷினுக்குப் போனது, ஆட்கள் மறைந்துபோனார்கள். எங்கள் ஊரில் கணக்கப்பிள்ளை என்ற பெயரும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்.

அப்பா ஆபீஸில் இருந்தார். லயத்திலிருந்து ஆபீஸுக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. அப்பா ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தார். ஆனால் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் செக்ரோல் கிளாக்கருக்கு உதவியாக எடுத்துக்கொண்டார்கள். செக்ரோல் என்பது விரித்தால் மேசை நிறைகிற புத்தகம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெயர்கள், தலைப்பில் குறுக்கே 1 முதல் 31 வரை தேதிகள். கணக்கப்பிள்ளை மலையில் தன் கொப்பியில் குறித்துக்கொண்டு வருவதை அந்தியில் இதில் ஏற்ற வேண்டும். மாத முடிவில் ஒவ்வோர் ஆளுக்கும் குறுக்கே கூட்ட வேண்டும், ஒவ்வொரு தேதிக்கும் கீழே கூட்ட வேண்டும், இரண்டும் ஒரே தொகையில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அப்பா அன்று இரவு வீட்டுக்கு வரமாட்டார்.

அந்த ஆபீஸில் ஒரு கணக்கு மெஷின் இருந்தது. கறுப்பு இரும்பு, ஒரு இறாத்தல் பாண் ரொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கத்துப் பள்ளங்களில் ஏறி இறங்கும் சின்ன நெம்புகள், வலது பக்கத்தில் ஒரு கைப்பிடி, கீழே இடம்வலமாக நகரும் வண்டி. ஒரு சனிக்கிழமை அப்பா என்னைச் சுற்ற விட்டார். 23ஐ 17ஆல் பெருக்க வேண்டும். நெம்புகளில் 23 வைத்து, கைப்பிடியை முன்னால் ஏழு சுற்றுச் சுற்றினேன். கீழே 161 வந்தது. வண்டியை ஒரு இடம் நகர்த்தி, இன்னும் ஒரே ஒரு சுற்று. 391. பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்தக் கைப்பிடி. பின்னால் சுற்றினால் கழிக்கும். சைபருக்குக் கீழே போனால் உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். மூடியைக் கழற்றி அப்பா உள்ளேயும் காட்டினார். நெம்பை 3க்கு இழுத்தால் உள்ளே சக்கரத்தில் மூன்று பல் மட்டும் வெளியே நீட்டும். 7க்கு இழுத்தால் ஏழு பல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது நீட்டிய பற்கள் எண்ணுருளையை அத்தனை படி தள்ளும். அவ்வளவுதான். சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வேலை செய்த ஒட்னர் என்ற சுவீடன்காரர் 1870களில் வடிவமைத்தது இது. மின்சாரம் வேண்டாம். உலகமெல்லாம் ஒரு நூற்றாண்டு ஓடியது. எலெக்ட்ரோனிக் கால்குலேட்டர் வந்த பிறகும் எங்கள் ஆபீஸில் அது மேசையை விட்டு இறங்கவில்லை. இன்று புரொசசர் உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் நான் இந்தக் கைப்பிடியிலிருந்துதான் தொடங்குகிறேன். அதுவும் கூட்டுகிறது, நகர்த்துகிறது, மறுபடி கூட்டுகிறது.

ஆக எங்கள் ஒரே வீட்டில் இரண்டு கணக்கு இருந்தது. அப்பாவின் புத்தகம், அப்பாயியின் சுவர். சம்பள நாளுக்கு முன்னால் இரண்டும் சந்திக்கும். ஒரு மாதம் சுவர் 23 பேர் என்றது. புத்தகம் 22 என்றது.

"உன் பொஸ்தகம் பொய் சொல்லுதுடா," என்றார் அப்பாயி.

"கூட்டிப் பாத்தாச்சு ஆயி. மெஷின்லயும் பாத்தாச்சு."

"மெஷினு மலைக்கு வந்துச்சா?"

அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் கணக்கப்பிள்ளையின் கொப்பியை வாங்கி ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். மாத நடுவில் ஒரு மழை நாள். பக்கம் நனைந்து ஊறி, அப்பாயியின் பெயருக்கு நேரே இருந்த பென்சில் அடையாளம் கலைந்துபோயிருந்தது. அந்தியில் புத்தகத்தில் ஏற்றும்போது அப்பாவே அதைத் தவறவிட்டிருக்கிறார். மெஷின் சரியாகத்தான் கூட்டியது. பிழை மெஷினிடம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அந்த ஒரு பேர் அடுத்த மாதச் சம்பளத்தில் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்துக் கணித அறிஞர் சாள்ஸ் பாபேஜுக்கு இருந்த கவலையும் இதுதான். அவர் காலத்துக் கணித அட்டவணைகளை ஆட்கள் கணித்தார்கள், ஆட்கள் பிரதியெடுத்தார்கள், ஆட்கள் அச்சுக்கோத்தார்கள். ஒவ்வொரு கையிலும் பிழை புகுந்தது. கடலில் கப்பலோட்டுகிறவன் அந்த அட்டவணையை நம்பித்தான் திசை பார்க்கிறான். கணிப்பதிலிருந்து அச்சுத்தகடு செய்வது வரை எல்லாவற்றையும் ஒரே இயந்திரம் செய்யட்டும் என்று பாபேஜ் 1822இல் முன்வைத்தார். 1823இல் பிரித்தானிய அரசு அதற்கு முதல் பணத்தைக் கொடுத்தது.

1823 என்ற எண்ணைப் பார்த்ததும் எங்களில் யாருக்கும் மனம் ஒரு கணம் நிற்கும். காப்பிக்குக் காடு வெட்ட எங்கள் முன்னோர்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த ஆண்டாக நாங்கள் கொள்வது அதைத்தான். 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்தபோது கடைசி நாள் நானும் போய்ச் சேர்ந்து நடந்தேன். நடக்கும்போது இந்த ஒற்றுமை எனக்குத் தெரியாது. பிறகு பாடத்துக்காகப் பாபேஜைத் திரும்பப் படித்தபோது கண்ணில் பட்டது. ஒரே பேரரசு, ஒரே காலம். அங்கே எண்களின் பிழையை ஒழிக்கப் பணம், இங்கே பெயர்கூட எழுதி வைக்கப்படாமல் செத்துப்போன ஆட்கள். பாபேஜின் அந்த இயந்திரம் 17,000 பவுண் அரச பணத்தை விழுங்கியும் முடியவில்லை. 1842இல் அரசு கைவிட்டது. அதற்கிடையில் அவர் இன்னும் பெரிய ஒன்றை யோசித்திருந்தார். பட்டு நெசவில் ஜக்கார்ட் பயன்படுத்திய துளையட்டைகளையே கொடுத்து, எந்தக் கணக்கையும் செய்யவைக்கும் இயந்திரம். அதற்கு 1843இல் அடா லவ்லேஸ் என்ற ஆங்கிலப் பெண் எழுதிய குறிப்புகளில் பேர்னூலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணிக்கும் படிமுறை ஒன்று இருக்கிறது. எண்ணைத் தவிர இசையைக்கூட அப்படிப்பட்ட இயந்திரம் கையாளலாம் என்றும் எழுதினார். எனக்கு அடாவின் மீது பெரிய மரியாதை. இயந்திரமே இல்லாத காலத்தில் அதன் வேலையை மனதில் ஓட்டிப் பார்த்தவர் அவர்.

ஆனால் எண்ணும் இயந்திரங்கள் பெருகியது பாபேஜின் கனவால் அல்ல. நிர்வாகத்தின் தேவையால்தான். 1642இல் பிரெஞ்சுக்காரர் பஸ்கால் செய்த கூட்டல் பெட்டியே வரி வசூல் கணக்கில் தத்தளித்த தகப்பனுக்காகச் செய்ததுதான். அமெரிக்காவில் ஹொலரித் என்பவர் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளையட்டை இயந்திரம் கொடுத்தார். ரயில் நடத்துநர்கள் பயணச்சீட்டில் ஆளின் அடையாளத்தைத் துளையிட்டுக் குறிப்பதைப் பார்த்ததுதான் அவருக்குப் பொறி. ஆளுக்கொரு அட்டை. வயதுக்கு ஒரு துளை, பிறந்த இடத்துக்கு ஒரு துளை. அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி கீழே பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சாரம் ஓடும், முகப்பில் முள் ஒரு எண் நகரும். அவருடைய கம்பனி வேறு சில கம்பனிகளோடு சேர்ந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான், 20ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது, தென்னிந்தியாவிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவர வேறொரு அடையாளம் வந்தது. தகரத்தில் அடித்த வட்ட வில்லை. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண், ஆளைக் குறிக்கும் எண். கயிற்றில் கட்டிக்கொண்டு கப்பலேறி இறங்கி மலையேற வேண்டும். அந்த வில்லையைக் காட்டினால் வழியில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்த செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். அதற்கு முன்பே 'துண்டு' என்ற கடன் சீட்டு இருந்தது. இத்தனை ஆள், இத்தனை ரூபாய் கடன், கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுப்பது. 1921 வரை அது இருந்தது. ஹொலரித்தின் அட்டையை வகுப்பில் காட்டும்போது நான் இந்தத் தகர வில்லையையும் பலகையில் வரைகிறேன். இரண்டும் தரவுதான். ஆளை எண்ணாக்கிக் கையில் எடுத்துப் போகக்கூடிய பொருளாக மாற்றுவதுதான் இரண்டின் வேலையும்.

எண்ணப்படுவதில் எங்களுக்குப் பயம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. 1948 ஜூன் 21இல் மான்செஸ்டரில், நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஓடிய முதல் எலெக்ட்ரோனிக் கணினி வேலை செய்தது. அதே வருட முடிவில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களைப் பட்டியலிலிருந்து அழித்தது. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பிரித்தன: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பிறகு பார்க்கலாம். எல்லாம் முழு எண்கள். அப்பாயியின் தம்பி குடும்பம் அந்தக் கணக்கில் கூடலூருக்குப் போனது. அவர்கள் ரயிலேறிய மாதத்திலும் சுவரில் கோடுகள் இருந்தன என்று அப்பா சொல்வார். ஒரு நாள் மட்டும் இடைவெளி.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். வியாபார வேலைக்கென்று கட்டி, அன்றாட அலுவலக வேலையைச் செய்த உலகின் முதல் கணினியைக் கட்டியது யார் என்று கேட்டால் பிள்ளைகள் ஐபிஎம் என்பார்கள். இல்லை. கட்டியது ஒரு தேயிலைக்காரக் கம்பனி.

லண்டனில் ஜே. லயன்ஸ் என்ற கம்பனி 1894இல் முதல் தேநீர்க்கடையைத் திறந்தது. பிறகு லண்டனிலும் வெளியூர்களிலுமாக இருநூறு வரையில் கடைகள். தேயிலையைத் தாங்களே கலந்து பொட்டலம் கட்டி விற்றார்கள். கேக், பாண், ஐஸ்கிறீம் எல்லாம் அவர்களுடையதுதான். ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு பணிஸிலும் கிடைக்கிற லாபம் சல்லிக் கணக்கு. ஆனால் ஒரு நாளைக்கு விற்கிற கோப்பைகளோ லட்சக்கணக்கில். அத்தனை சின்னச் சின்ன விற்பனைகளையும் எழுதிக் கூட்டவே ஆயிரக்கணக்கான கிளாக்கர்கள் தேவைப்பட்டார்கள். கணக்கு வைக்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடும் நிலை. 1947இல் கம்பனியின் இரண்டு அதிகாரிகள், தொம்சனும் ஸ்டாண்டிங்ஃபோர்டும், அலுவலக முறைகளைப் பார்க்க அமெரிக்கா போனார்கள். எனியாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதில் வேலை செய்த ஹேர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார்கள். அவர், உங்கள் ஊரிலேயே, கேம்பிரிட்ஜில், மொரிஸ் வில்க்ஸ் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்றார். திரும்பி வந்து கேம்பிரிட்ஜுக்குப் பணமும் ஓர் ஆளும் கொடுத்து உதவினார்கள். எட்சாக் என்ற அந்தக் கணினி 1949 மே மாதம் ஓடியது. அதைப் பார்த்து லயன்ஸ் தனக்கென்று ஒன்றைக் கட்டியது. பெயர் லியோ.

சுமார் 6,000 வால்வு. பாதரசம் நிரப்பிய நீளக் குழாய்களில் ஒலித்துடிப்புகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். பொறியியலுக்கு ஜோன் பிங்கர்ட்டன், வேலைகளைப் பிரித்து நிரலாக்க டேவிட் கமினர். 1951 நவம்பரில் பேக்கரியின் உற்பத்தி மதிப்பைக் கணிப்பது அதன் வாராந்த வேலையானது. 1954 பெப்ரவரியில் கம்பனி ஊழியர்களின் சம்பளக் கணக்கு அதில் ஏறியது. அனுபவமுள்ள ஒரு கிளாக்கர் ஒரு ஆளின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் எடுத்தாராம். லியோ எடுத்தது ஒன்றரை வினாடி. அதே வருடத்தில் தேநீர்க்கடைகளின் அன்றாடக் கொள்வனவையும் அதில் ஓட்டினார்கள். கடைப் பொறுப்பாளர்கள் தொலைபேசியில் மாற்றங்களைச் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் காதில் கேட்டபடியே அட்டையில் துளையிடுவார்கள். தேயிலைக் கலவைக் கணக்கும் லியோவில் ஓடியது.

தேயிலைக் கலவை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலையின் பெரிய சந்தை லண்டன் மின்சிங் லேன் ஏலம். இங்கே கிள்ளிய கொழுந்து அங்கே பெட்டியாகப் போய் எண்ணாக மாறி அந்தப் பாதரசக் குழாய்களுக்குள் ஓடியிருக்கிறது. 1954இல் அப்பாயிக்குப் பத்தொன்பது வயது. லயன்ஸ் என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்த லயன், அதாவது லயம், வேறு: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, மேலே தகரம். ஒரே தேயிலையின் ஒரு முனையில் சம்பளத்தை ஒன்றரை வினாடியில் கணிக்கும் இயந்திரம், மறுமுனையில் அடுப்புக்கரி. இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடின: இந்த ஆள் எத்தனை நாள் வேலை செய்தார், அவருக்கு எவ்வளவு சேர வேண்டும்? கணினி வரலாற்றை எழுதுகிறவர்கள் பீரங்கியையும் ரகசியக் குறியீட்டையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் இன்று உலகத்தில் ஓடும் பெரும்பாலான கணினிகளின் நேர்ப் பாட்டி லியோதான். சம்பளம், சரக்கு, கொள்வனவு. இன்றைக்கும் அவை செய்வது அதுதான்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் வால்வின் வேலையைச் செய்யும் சின்னஞ்சிறு திரான்சிஸ்டர், 1958-59இல் பல திரான்சிஸ்டர்களை ஒரே சிப்பில் அடக்கும் ஒருங்கிணைந்த சுற்று, 1971இல் 2,300 திரான்சிஸ்டர் கொண்ட இன்டெல் 4004 புரொசசர், 1977இல் அப்பிள் 2, 1981இல் ஐபிஎம் பீசி. லியோவின் அறை முழுவதும் விரல் நகத்துக்குள் வந்துவிட்டது. இதில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். 1979இல் டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் என்ற இருவர் அப்பிள் 2க்கு விசிகல்க் என்ற விரிதாள் மென்பொருளைக் கொடுத்தார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களும் தாமே மாறும். வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் அட்டவணை போட்டு, ஒன்று பிழைத்ததும் மற்றதையெல்லாம் அழித்து எழுதுவதைப் பார்த்துத்தான் பிரிக்ளினுக்கு அந்த யோசனை வந்தது. நான் முதன்முதலில் இந்தக் கட்டங்களைப் பார்த்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. கீழ்நோக்கிப் பெயர், குறுக்கே தேதி. அப்பாவின் செக்ரோல்!

அது 1998இல், ஹட்டனில். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு கணனி வகுப்பில் சேர்ந்தேன். பலசரக்குக் கடைக்கு மேல் மாடி. நான்கு கணினி, பதினெட்டுப் பேர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். கொழும்பில் கணினிக்கு ஏசி போடுவார்கள் என்றார் மாஸ்டர். இங்கே அதன் எதிரி ஈரம். மூன்று மாதம் சூரியனைப் பார்க்காத மழைக்காலத்தில் ஃபுளொப்பி தட்டுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். அலுமாரிக்குள் எந்நேரமும் ஒரு குமிழ் விளக்கு எரியும், அதன் சூட்டில்தான் எங்கள் கோப்புகள் உயிர் வாழ்ந்தன. ஏப்ரல் இடிக்கு முன்னால் ஓடிப்போய்த் தொலைபேசி வயரைக் கழற்ற வேண்டும். ஒருமுறை கழற்றப் பிந்தி மொடம் கருகிப்போனது.

தமிழில் தட்டச்சுச் செய்யப் பாமினி எழுத்துரு. வெளியே தமிழ் முகம், உள்ளே இங்கிலீஷ் எழுத்து. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் போய் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக் குவியல் நிற்கும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது. அது எங்கள் மேசைக்கு வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. 2008இல் தமிழுக்கான இலங்கைத் தரம், எஸ்.எல்.எஸ். 1326, வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கணினி தமிழ் பேசத் தொடங்கிய பிறகும் நான் பார்த்த சம்பளத் துண்டுகள் பல இங்கிலீஷில்தான் இருந்தன. எண்கள் எல்லாம் சரியாக, நேராக, அழகாக அச்சாகியிருக்கும். எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதைப் பிடிக்கப்பட்டவர் வாசிக்க முடியாது. அந்தி நேரத்தில் அக்கம்பக்கத்து அக்காமார் துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் வரி வரியாக வாசித்துச் சொல்வேன். அப்பாயியின் சுவரை வாசிக்க அப்பாயிக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை.

அப்பாயி 2006இல் போய்விட்டார். லயம் இன்னும் இருக்கிறது. சுவருக்கு இப்போது இளம்பச்சை பெயின்ட்.

சில வருடங்களாக எங்கள் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் டிஜிட்டல் தராசு தொங்குகிறது. டிஜிட்டல் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் விரல். விரல் விட்டு எண்ணியதால் எண்ணுக்கு அந்தப் பெயர் வந்தது. விரலால் கிள்ளிய கொழுந்தை அந்தத் தராசு நிறுக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அது ஞாபகம் வரும். சிவப்பு எண் ஓடி வந்து நிற்கும், பிறகு சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள், பதிவாகும். முன்பு முள் ஆடும் தராசில் எண்ணைக் கணக்கப்பிள்ளைதான் சொல்வார். இப்போது கூடையைத் தூக்கி வைத்தவரும் பார்க்கலாம். இது சின்ன மாற்றம் இல்லை.

2020இல் பாடசாலை மூடியிருந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் சிக்னலுக்காக மலை உச்சிப் பாறையில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், அதில் மூன்று பிள்ளைகள். அப்படி வந்த போன்கள் பிறகு வீடுகளில் தங்கிவிட்டன. போன வருடம் விரிதாள் பாடத்துக்கு ஒப்படையாக, உங்கள் வீட்டில் நடக்கும் ஏதாவது ஒரு கணக்கை ஒரு மாதம் பதியுங்கள் என்று சொன்னேன். பலர் கடைச் செலவு கொண்டுவந்தார்கள். ஒருத்தி அம்மாவின் கொழுந்தைக் கொண்டுவந்தாள்.

தலைப்புக் கட்டங்களில் கிலோ, தொகை என்றெல்லாம் அவள் எழுதவில்லை. 'அம்மா பாத்தது' என்று ஒன்று. 'அவங்க எழுதினது' என்று ஒன்று. மூன்றாவது, 'வித்தியாசம்'. அம்மா தராசில் கண்ட எண்ணை அந்தியில் வந்து சொல்வாராம், இவள் போனில் ஏற்றுவாளாம். இரண்டாவது நெடுவரிசையை மாத முடிவில் சம்பளத் துண்டு வந்த பிறகு, மடுவத்தில் கேட்டு வாங்கி நிரப்பியிருக்கிறாள். மூன்றாவது நெடுவரிசையில் பெரும்பாலும் சிறிய எண்கள், இரண்டு நாளுக்கு மட்டும் பெரிது. அந்த இரண்டு கட்டத்துக்கும் மஞ்சள் நிறம் கொடுத்திருந்தாள்.

"இதை அம்மா பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"கணக்கப்பிள்ளை ஐயாகிட்டயே கொண்டுபோய்க் காட்டினாங்க மிஸ். ஒண்ணு எழுதினதுல பிழைனு திருத்திட்டாரு. மத்தது மழை நாளு, ஈரத்துக்குக் கழிச்சதுனு சொன்னாரு."

"அப்புறம்?"

"அம்மா ஒண்ணும் பேசல மிஸ். வீட்டுக்கு வந்து, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறாங்கனு தனியா ஒரு கட்டம் போடுன்னாங்க."

போனைத் திருப்பிக் காட்டினாள். நான்காவது நெடுவரிசை தொடங்கியிருந்தது. அதில் ஒன்பது நாள் ஏறியிருந்தது.